பச்சைக் கதிருக்குக் காவல்

1

போன வெள்ளிக்கிழமை எங்கள் நிலையத்தில் கேக் வெட்டினார்கள். இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் போகும் ஒரு வழிகாட்டிச் செயற்கைக்கோளிலிருந்து எங்கள் ஒளி முதன்முதலாகத் திரும்பி வந்த நாளுக்கு வருஷாவருஷம் நடக்கும் சின்னக் கொண்டாட்டம் அது. ஒரு கெட்டில் தேநீர், காகிதத் தட்டுகள், ஈரக் கோட்டுகளைக் கழற்றிப்போட்ட நாலைந்து பேர். வெளியே ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரைக்கே உரிய மழை, விழுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. நிலையத்தின் தலைவி ஹெலன் கத்தியை என் கையில் கொடுத்து, தான் "ஸ்டாப்பு" என்று சொல்லும்வரை வெட்டச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்த 'ஸ்டாப்பு'வின் கடைசியில் இருக்கும் உகரம் அருப்புக்கோட்டையிலிருந்து நான் கொண்டுவந்தது. இங்கே அது ஒட்டிக்கொண்டுவிட்டது.

வீட்டுக்கு வரும் வழியில், இதையெல்லாம் ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு தடவையாவது ஒழுங்காக எழுதவேண்டும் என்று தோன்றியது. என் வேலை என்னவென்று அங்கே யாருக்கும் சரியாகத் தெரியாது. முதலில் போனில் அம்மாவிடம் "ஸ்டேஷன்ல வேலை" என்றுதான் சொன்னேன். அடுத்த முறை ஊருக்குப் போனபோது பக்கத்து வீட்டுக்காரர், வெளிநாட்டுப் போலீஸில் காக்கி உடுப்பா வேறு நிறமா என்று கேட்டார். அம்மா மறுக்கவில்லை. தெருவில் அவளுக்கு அதனால் கொஞ்சம் மரியாதை கூடியிருந்தது போலிருக்கிறது.

2

வேலை இதுதான். தரையிலிருந்து ஒரு தொலைநோக்கி வழியாகப் பச்சை லேசர் ஒளியைத் துண்டு துண்டாக வானத்துக்கு அனுப்புவார்கள். சில செயற்கைக்கோள்களில், பூமியைப் பார்த்த பக்கத்தில், கண்ணாடிக் கட்டிகள் பதித்த ஒரு சின்னப் பலகை இருக்கும். ஒளி எந்தத் திசையிலிருந்து வந்ததோ அந்தத் திசைக்கே திருப்பி அனுப்பும்படி வெட்டப்பட்ட கட்டிகள் அவை. சைக்கிளின் பின்பக்கத்தில் சிவப்பு வில்லை வைத்திருப்பார்களே, லாரி வெளிச்சம் பட்டால் லாரிக்காரர் கண்ணுக்கே மினுங்கும், அந்த மாதிரி. போன ஒளி திரும்பிவர எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்தால், செயற்கைக்கோள் இருக்கும் தூரத்தை விரற்கடை சுத்தமாகச் சொல்லிவிடலாம். கப்பல்களும் விமானங்களும் வழி கேட்பது இந்தச் செயற்கைக்கோள்களிடம்தான். வழி சொல்கிறவன் முதலில் தான் நிற்கிற இடம் எது என்று தெரிந்துவைத்திருக்க வேண்டுமல்லவா? அதைச் சரிபார்க்கிற வேலை.

போவது கோடானுகோடி ஒளித்துகள்கள். வருவது பல சமயம் ஒன்றுகூட இல்லை. வந்தால் கணினித் திரையில் ஒரு புள்ளி விழும். வேறு வெளிச்சங்களும் புள்ளியாக விழும் என்பதால், தனிப்புள்ளிக்கு மதிப்பில்லை. புள்ளிகள் ஒரு கோட்டில் சேர்ந்தால்தான் அது நம்முடைய ஒளி.

உள்ளே உட்கார்ந்து இதைச் செய்கிறவர் என் கணவர். ஊரில் பெயர் சொல்லமாட்டோம். இங்கே எல்லோரும் 'ராஜ்' என்று கூப்பிடுவதால் எழுதுவதில் தவறில்லை: தங்கராஜ். என் வேலை வெளியே, மொட்டைமாடியில். அந்தப் பச்சைக் கதிர் விமானம் ஓட்டுகிறவரின் கண்ணில் பட்டுவிடக் கூடாது. அதனால் லேசர் போய்க்கொண்டிருக்கும் நேரம் முழுக்க ஓர் ஆள் வெளியே நின்று வானத்தைப் பார்க்கவேண்டும். கையில் ஒயரோடு ஒரு பொத்தான். கதிர்ப் பக்கம் ஏதாவது வந்தால் அமுக்க வேண்டும், கதிர் நின்றுவிடும். வெளியே ஆள் இல்லையென்றால் லேசரைத் தொடவே கூடாது என்பது விதி.

இவ்வளவு மழையும் மேகமும் உள்ள ஊரில் இப்படி ஒரு நிலையத்தை யார் கட்டினார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஐப்பசி பிறந்தால் கடைக்காரர்கள்கூட வாசலுக்கு வந்து மேற்கே பார்ப்பார்கள். கொஞ்சம் கறுத்தால் போதும், புண்ணாக்கு வாங்க வந்தவர் பேரம் பேசாமல் சிரித்துக்கொண்டு போவார். அப்பாவுக்கு அருப்புக்கோட்டையில் பருத்திக்கொட்டை, புண்ணாக்குக் கடை. மேகம் வராதா என்று ஏங்கும் ஊரில் வளர்ந்துவிட்டு, மேகம் போகாதா என்று மாடியில் நின்று ஏங்கினேன். யாரிடம் வேண்டிக்கொண்டாலும் அவர் குழம்பித்தான் போயிருப்பார்.

3

எண்பதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. மாமனாருக்குப் பரளச்சியில் மளிகைக்கடையும் கொஞ்சம் மானாவாரி நிலமும் உண்டு. இவர் அப்போது வடக்கே எங்கேயோ லேசர் படித்துக்கொண்டிருந்தார். விடுமுறைக்கு வருவார். ஒரு சித்திரை மாதத்துச் சாயங்காலம் கரண்டு போய்விட, கடைக்கு மேல் மாடியில் பாயை விரித்து உட்கார்ந்திருந்தோம். வெக்கை தரையிலிருந்து மெல்லக் கிளம்பி மேலே போய்க்கொண்டிருந்தது. சுற்றிலும் கரிசல், அதற்கப்பால் சீமைக்கருவேல், அதற்கப்பால் ஒன்றுமில்லை. விளக்கில்லாத ஊரில் நட்சத்திரங்கள் ரொம்பத் தாழ்வாக இறங்கிவந்திருந்தன. அவற்றில் ஒன்று சத்தமில்லாமல் நடக்க ஆரம்பித்தது.

"அந்தா போகுது பாரு," என்றார் இவர். "அது எம்புட்டுத் தூரத்துல போகுதுன்னு அளக்கத்தான் நான் போறேன்."

அளந்து என்ன செய்வது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அது போய் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்பிறகு இவர் எந்த ஊர் பேர் சொன்னாலும், அந்த மாடி இன்னும் கொஞ்சம் நீண்டு அங்கேவரை போவதாகத்தான் எனக்குத் தோன்றும். இங்கே விமானத்திலிருந்து இறங்கி, குளிரில் மூச்சு புகையாக வந்த அந்த முதல் காலையில்கூட.

அந்த வருஷம் இன்னொன்றும் நடந்தது. ரோட்டோரத்துக் கிணற்றை ஆழப்படுத்தினார்கள். மேலே கரிசல், கீழே பாறை. வெடி வைத்துத்தான் இறங்க வேண்டும். வெடி வைக்கும்போது ரோட்டில் யாரும் வராமல் தடுக்க, இவருடைய அண்ணன் மனைவி பேச்சியம்மாள் ஒரு கம்பில் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு நடுரோட்டில் நிற்பார். நரிக்குடிப் பக்கம் போகும் பஸ் வந்தது. நிறுத்திவிட்டார். திரி நமுத்துப்போய் வெடி வெடிக்கவே இல்லை. வீரசோழன் சந்தைக்குச் சரக்கெடுக்கப் போகிறவர்கள் ஜன்னல் வழியாகத் திட்டினார்கள். கண்டக்டர் இறங்கிவந்து சத்தம் போட்டார். மாமனாரே கிணற்று மேட்டிலிருந்து, போகட்டும் விடு என்று கையைக் காட்டினார். பேச்சியம்மாள் அக்கா நகரவில்லை. வெடி வைத்தவர் கிணற்றுக்குள் இறங்கிப் பார்த்து, திரியைப் பிடுங்கி மேலே கொண்டுவந்து காட்டிய பிறகுதான் அக்கா கம்பைத் தாழ்த்தினார். சாயங்காலம் வீட்டில் எல்லோரும் கேலி செய்தபோது அவர் உளுந்து புடைத்துக்கொண்டே சொன்னது: "வெடிக்கிறது அவுக வேலை. நிறுத்துறது என் வேலை."

நானும் அன்றைக்குச் சிரித்தவள்தான்.

4

இங்கே வந்த சில வருஷம் வீட்டில்தான் இருந்தேன். மகள் மீனா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், வெளியே நிற்க ஆள் தேடுகிறார்கள் என்று இவர்தான் என்னைக் கூட்டிப்போனார். வரலாறு படித்தவளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டேன். கண் இருந்தால் போதும் என்றார்.

கண் போதவில்லை, வாய் வேண்டியிருந்தது. முதல் வாரம் ஒரு விமானத்தைப் பார்த்ததும் பொத்தானை அமுக்கிவிட்டு, உள்ளே பேசும் பெட்டியில் "ப்ளைட்டு, ப்ளைட்டு" என்றேன். உள்ளே இருந்தவருக்கு அது 'லைட்' என்று கேட்டு, எழுந்துபோய் அறை விளக்கைப் போட்டுவிட்டார். இருட்டுக்குப் பழகியிருந்த எல்லோருடைய கண்ணும் கூசிப்போயிற்று. அன்றுமுதல் நான் ஒரே ஒரு வார்த்தை மட்டும் சொன்னால் போதும் என்று ஹெலன் முடிவுசெய்தாள். அதுதான் ஸ்டாப்பு.

பெயர் விஷயம் இதைவிட வேடிக்கை. எனக்குக் குடும்பப்பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்து மட்டும்தான் என்று எவ்வளவு சொல்லியும் சம்பள அலுவலகத்துக்காரிக்குப் புரியவில்லை. அவளுடைய கணினியில் அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாதாம். பாஸ்போர்ட்டைப் பார்த்து அப்பா பெயரை அதில் போட்டாள். வெறும் கோமதியாக இருந்த நான் திருமதி கந்தசாமி ஆனேன். என்னோடு வந்த பாவத்துக்கு இவர் திரு கந்தசாமி ஆனார். மாமனார் பெயரைச் சுமந்துகொண்டு இவர் அந்த அலுவலகத்துக்குள் போகும்போது முகம் எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அப்பாவிடம் சொன்னபோது போனில் வெகுநேரம் சத்தமே இல்லை. சிரித்துக்கொண்டிருந்தார் என்று பிறகு அம்மா சொன்னாள்.

மீனா இதற்கெல்லாம் தூரத்திலிருந்தாள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். பதினொரு வயதுக்குள் அவளுடைய இங்கிலீஷ் இந்தக் கரையின் இங்கிலீஷாகி, எனக்குப் பாதி விளங்காமல் போயிற்று. பள்ளி விழாவுக்கு நான் சேலையில் வந்தால் மேலே கோட்டைப் போட்டுக்கொள்ளச் சொல்வாள். குளிருக்காக இல்லை என்று எனக்குத் தெரியும். அவளிடம் கேட்டதில்லை.

5

தொண்ணூறுகளில் அமெரிக்காக்காரர்கள் தங்கள் வழிகாட்டிச் செயற்கைக்கோள்களில் இரண்டில் மட்டும் கண்ணாடிப் பலகை வைத்து அனுப்பினார்கள். பலகை ரொம்பச் சின்னது. விரித்த நோட்டுப் புத்தகம் அளவு இருக்கும். மற்ற நாடுகளில் பெரிய நிலையங்கள் அதிலிருந்து ஒளியைத் திரும்ப வாங்கிவிட்டன. எங்களால் முடியவில்லை. குளிர்காலம் பிறந்து, மாலை நான்கு மணிக்கே இருட்ட ஆரம்பித்தபோது, மேலிடத்திலிருந்து இரண்டு பேர் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. இந்தச் சின்ன நிலையம் இன்னும் தேவைதானா என்று பார்க்க வருகிறார்கள் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் மேசையைத் துடைத்தார்கள்.

அவர்கள் வந்த அன்று வானம் அதிசயமாகத் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மேற்கே கொஞ்சம் வெளிச்சம் இன்னும் வடிந்துகொண்டிருந்தது. ஆடுகள் வேலி ஓரமாக ஒண்டியிருந்தன. எனக்குச் சேலைக்கு மேல் ஹெலனின் கணவருடைய பழைய கோட்டு, காலில் இரட்டைக் கம்பளி உறை. கூரை திறந்து தொலைநோக்கி நிமிர்ந்தது. கதிர் கிளம்பியது.

எத்தனை தடவை பார்த்தாலும் அந்த நிமிஷம் எனக்கு ஊர் வந்துவிடும். அருப்புக்கோட்டையில் தறிக்காரர்கள் தெரு நீளத்துக்குப் பாவு நூலை நீட்டியிருப்பார்கள். பள்ளிக்கூடம் போகும்போது குனிந்து அதன் ஓரமாகப் போவோம். அந்தப் பாவிலிருந்து ஒரே ஒரு பச்சை இழையை எடுத்து வானம்வரை இழுத்துக் கட்டினாற்போல இருக்கும். சத்தம் கிடையாது. அசைவும் தெரியாது. இந்த வகைச் செயற்கைக்கோள்கள் மெதுவாகத்தான் நகரும். மணிக்கணக்கில் நிற்கவேண்டும். நிற்க நிற்க, நான் எங்கே நிற்கிறேன் என்பது கரைந்துபோகும். கால் குளிரில் இருக்கும், முகத்தில் பரளச்சி மாடியின் வெக்கை அடிக்கும்.

வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து இவருடைய குரல் மாறியது. பேசும் பெட்டியில் கேட்டேன். இரண்டு புள்ளி, மூன்று புள்ளி, ஒரு கோட்டில் விழுகிறதுபோல் தெரிகிறது என்றார். வந்தவர்கள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரும் சத்தம்கூடக் கேட்டது.

அப்போதுதான் வடக்கே ஒரு நட்சத்திரம் அணைந்தது. பிறகு அதற்குப் பக்கத்தில் இருந்ததும் அணைந்தது. முதலில் அணைந்தது திரும்ப எரிந்தது. விளக்கே இல்லாமல், இருட்டாக, நீளமாக ஏதோ ஒன்று கதிரை நோக்கி நகர்ந்து வந்துகொண்டிருந்தது. நான் அமுக்கினேன். "ஸ்டாப்பு," என்றேன்.

இழை அறுந்தது. கொஞ்ச நேரத்தில் அது தலைக்கு மேல் வந்தது. காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் அதுவரை கேட்காத சத்தம் அப்போதுதான் கேட்டது. காட்டு வாத்துகள். கடல் பக்கம் இரவு தங்கப் போகும் பெரிய கூட்டம், ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டு, வளைந்த கோடாகப் போயிற்று. அவை போய் முடிந்து, மறுபடி லேசரைச் சூடாக்கி ஆரம்பிப்பதற்குள் கடலிலிருந்து மேகம் ஏறிவிட்டது. பிறகு அன்று வானம் திறக்கவில்லை.

வந்தவர்கள் கைகுலுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். இவர் மாடிக்கு வந்தார்.

"பறவைக்கா அமுக்குன?"

"பறவைன்னு அமுக்குனதுக்குப் பெறகுதான் தெரிஞ்சது."

"ஒரு நிமிசம் பொறுத்துப் பாத்திருக்கலாம்ல?"

"பொறுத்துப் பாக்குறதுக்கா என்னைய இங்க நிறுத்தியிருக்கு?"

ஹெலன் பின்னாலேயே வந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் என்ன பேச்சென்று தெரிந்துவிட்டது. சந்தேகம் வந்தால் நிறுத்தவேண்டும், கோமதி செய்தது சரி, இதில் பேச ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனாள். அவள் சொன்னது இவரை இன்னும் கோபப்படுத்தியது. காரில் வரும்போது, ரோட்டைப் பார்த்தபடியே, "ஒன்னைய அங்க கொண்டுபோயி நிறுத்துனது என் புத்தி," என்றார். அந்த ஒரு வாக்கியம்தான்.

நான் மறுநாள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை.

6

வீட்டில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் இது புதிதல்ல. நடுவில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு சொல்லவேண்டியதைச் சொல்லிக்கொள்வோம். "அப்பாகிட்டச் சொல்லு, சோறு ஆறுதுன்னு" என்பேன். மீனா அதை இங்கிலீஷில் கொண்டுபோய் அவரிடம் சேர்ப்பாள். அவர் அவளுக்கு இங்கிலீஷில் பதில் சொல்வார். அவள் அதை அப்படியே என்னிடம் கொண்டுவருவாள். முன்னறைக்கும் அடுப்படிக்கும் நடுவே அவள் தபால்காரியாக நடந்தாள். என் நாலைந்து வார்த்தையைத் தவிர வீட்டில் தமிழே இல்லாமல் போனதை நான் கவனிக்கவில்லை. ரோஷத்தில் இருப்பவர்களுக்கு அதெல்லாம் காதில் விழாது.

நிலையத்திலிருந்து ஹெலன் இரண்டு தடவை போன் செய்தாள். சளி என்று சொன்னேன். வெளியே நிற்க என்னைத் தவிர ஒரு கல்லூரி மாணவன் இருந்தான், அவன் வாரக் கடைசியில் மட்டும் வருவான். மற்ற நாள்களில் வானம் தெளிந்திருந்தாலும் லேசரைத் தொட முடியாமல் இவர் கணினிமுன் சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறார் என்று தெரிந்தது. அவர் கேட்கட்டும் என்று இருந்தேன். அவர் நானாக வரட்டும் என்று இருந்தார்.

சாயங்காலங்களில் அடுப்படி ஜன்னலில் நின்று மேகத்தைப் பார்ப்பேன். பழக்கம் விடவில்லை. வாத்துகள் தினமும் அதே நேரத்துக்குப் போயின. ஒருநாள் அவற்றைப் பார்த்துக்கொண்டே இருக்கையில், கண்மாய்க்கரையில் கொக்குகள் இறங்குவதுபோலவும், நான் சிவப்புத் துணி கட்டிய கம்போடு நடுவில் நிற்பதுபோலவும், ஆனால் தடுக்க வேண்டிய பஸ் எந்தப் பக்கமிருந்து வரும் என்பது மறந்துவிட்டதுபோலவும் தோன்றியது. சோறு அடிப்பிடித்த வாசனையில்தான் திரும்பிவந்தேன்.

அந்த அடிப்பிடித்த சோற்றைத்தான் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மீனாவிடம், அப்பாவுக்கு ரசம் வேண்டுமா என்று கேட்கச் சொன்னேன். அவள் கேட்கவில்லை. கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டாள்.

"நீங்க சண்ட போடுங்க," என்றாள். தமிழில். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து முழுசாக ஒரு வாக்கியம்.

அவள் வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துவைத்தாள். "நீங்க பேசுற சத்தம் செவுத்துல வரும். அது வந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும். இப்ப வீடு சும்மா இருக்கு. சண்ட போடுங்க. தமில்ல போடுங்க."

அவளுக்கு ழ வராது. எங்கள் ஊரிலும் பாதிப் பேருக்கு வராது.

இவர் என்னைப் பார்த்தார். அந்த இரண்டு வாரத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தார். "எதப் பத்திச் சண்ட போட?" என்று கேட்டார். மீனாவிடம் இல்லை, என்னிடம்.

"வாத்தப் பத்தித்தான்," என்றேன்.

அன்று நாங்கள் சண்டை போட்டோம். விளையாட்டாக இல்லை, நிஜமாகவே. பாத்திரம் கழுவும்போது, மேசை துடைக்கும்போது, சோபாவில் இரண்டு மூலையில் உட்கார்ந்துகொண்டு. ஹெலன் முன்னால் என்னை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்றேன். மூன்று புள்ளி வந்த பிறகு நிறுத்தினால் யாருக்குத்தான் வயிறு எரியாது என்றார். காரில் சொன்னதை மறுபடி ஒரு தடவை சொல்லிப் பாருங்கள் என்றேன். சொல்லவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்றைச் சொன்னார். அவருடைய வேலை ஒப்பந்தம் வருகிற கோடையோடு முடிகிறது. நிலையம் இருந்தால்தான் அது நீளும். வேலை இருந்தால்தான் விசா. இது தெரிந்து மாதக்கணக்கில் ஆகிவிட்டது. என்னிடம் சொன்னால் நான் பயந்துவிடுவேன் என்று சொல்லவில்லையாம்.

"சொல்லியிருந்தா?" என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீ அமுக்கியிருக்க மாட்டியோன்னு இருந்துச்சு. அப்பிடி நெனச்சதே எனக்குப் பிடிக்கல."

"சொல்லியிருந்தாலும் அமுக்கியிருப்பேன்."

"தெரியும்," என்றார். "இப்பத் தெரியுது."

மீனா சோபாவின் நடுவில் காலை மடக்கிக்கொண்டு உறங்கிப்போயிருந்தாள். அவளை எழுப்பாமல் குரலைத் தாழ்த்த நினைத்து, பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டோம். கொஞ்ச நேரம் கழித்து இவர் சொன்னார், நாளைக்குச் சாயங்காலம் வானம் தெளிவாக இருக்குமாம், மேலே ஆள் இல்லை என்று. ஆள் போட வேண்டியதுதானே என்றேன்.

"வாரியா?"

"வாரேன். நான் நிறுத்துனா ஏன்னு கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன்."

7

பிறகு நடந்ததை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நிலையம் மூடப்படவில்லை. மேலிடத்துக்காரர்கள் என்ன காரணத்தால் அதை விட்டுவைத்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. அனுப்பிவைத்த அளவுகள் நன்றாக இருந்ததால் என்று இவர் சொல்வார், மூடுவதற்கும் காகிதவேலை அதிகம் என்பதால் என்று ஹெலன் சொல்வாள். ஒப்பந்தம் நீண்டது. விசாவுக்காக இன்னும் பல தடவை வரிசையில் நின்றோம். மீனா இன்னும் இங்கிலீஷில்தான் பதில் சொல்கிறாள், கோபம் வந்தால் மட்டும் தமிழுக்கு வருகிறாள். விமானங்களைப் பார்க்க ஒரு ராடார் வாங்கப்போவதாகப் பேச்சிருக்கிறது. வந்தால் நான் உள்ளே உட்காரலாம் என்கிறார்கள்.

அந்த மறுநாள் சாயங்காலத்தை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

மீனாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். வானம் சொன்னபடி தெளிவாக இல்லை. மேகம் பெரிய பெரிய தீவுகளாகப் போய்க்கொண்டிருந்தது. இடையில் கறுப்புக் குளங்கள். ஒரு குளம் செயற்கைக்கோள் பக்கம் வரும்போது கதிரை விடுவார்கள், மேகம் மூடினால் நிறுத்துவார்கள். குளிர் கண்ணில் நீராக வந்தது. நடுவில் கிழக்கேயிருந்து சிவப்பும் வெள்ளையுமாக விளக்குகள் மினுங்க ஒரு சின்ன விமானம் வந்தது. அமுக்கினேன். உள்ளேயிருந்து கேள்வி வரவில்லை. அது தாண்டிப்போன பிறகு, போய்விட்டது என்று சொன்னேன். "சரி," என்றார் பெட்டிக்குள்ளிருந்து.

அதற்குப் பிறகு பெரிய குளம் ஒன்று வந்தது. வானத்தின் பாதி திறந்துகொண்டது. பச்சை இழை அதற்குள் போய், எங்கே முடிகிறது என்று தெரியாத இடத்தில் முடிந்தது. உள்ளே யாரும் பேசவில்லை. அந்த மௌனம் நீண்டுகொண்டே போனபோது, எனக்கு என் உடம்பே லேசாகிவிட்டது போலிருந்தது. பொத்தானைப் பிடித்திருந்த கட்டைவிரல் மட்டும்தான் நான். மற்றதெல்லாம் இருட்டோடு சேர்ந்துவிட்டது.

திடீரென்று உள்ளே ஒரு நாற்காலி விழுந்த சத்தம். ஹெலன் யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு பல குரல்கள் ஒன்றாக. பிறகு இரும்புப் படியில் ஓடிவரும் காலடி. கணினியை ஹெலனிடம் விட்டுவிட்டு இவர் வந்துவிட்டார். மூச்சு வாங்கியது. கோட்டுகூடப் போடவில்லை.

"கோமதி, கோடு விழுந்துருச்சு," என்றார். "நல்லா விழுகுது. வந்துக்கிட்டே இருக்கு. வந்து பாரு."

நான் திரும்பவில்லை. அவர் முகத்தை அந்த நிமிஷம் பார்க்க எவ்வளவு ஆசையாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. ஆனால் தலைக்கு மேல் கதிர் போய்க்கொண்டிருந்தது.

"இன்னும் லேசர் நிக்கல," என்றேன்.

அவர் புரிந்துகொண்டு பக்கத்தில் வந்தார். நடுக்கம் அவர் தோளிலிருந்து என் தோளுக்கு வந்தது. கோட்டின் ஒரு பக்கத்தைத் திறந்து அவரை உள்ளே விட்டுக்கொண்டேன். கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க அந்தப் பக்கம் பாருங்க," என்றேன். "நான் இந்தப் பக்கம் பாக்குறேன்."